ரோமத்துக்குள் ஒரு தலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மேடை முகமூடிகளுக்குள் வியர்வை தேங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு நான் எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ‘ஃபர்சூட்’ என்று அழைக்கப்படும் உடையை, அதாவது தாமே கற்பனை செய்த ஒரு விலங்கின் உருவைச் செயற்கை ரோமத் துணியால் தைத்து அணிந்துகொள்ளும் உடையைச் செய்பவர்கள், அதன் தலைப்பகுதியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்களின் அடியில் ஓடுவது ஒரே குறைதான்: தலை பார்ப்பதற்கு அழகாக வந்துவிட்டது, ஆனால் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் இருக்க முடியவில்லை. இம்மாதப் பக்கங்களை முழுவதும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அம்மா, வணக்கம். என் மகள் இங்கே கல்லூரியில் படிக்கிறாள். விலங்கு உருவப் பாத்திரங்களை விரும்புகிறவர்கள் கூடும் ஆந்த்ரோகான் மாநாட்டுக்கு அணிந்து செல்வதற்காக ஃபோமில் நரித் தலை ஒன்றைச் செய்திருக்கிறாள். தலையின் சுற்றளவை இஞ்ச் டேப்பால் இரண்டு முறை அளந்துதான் வெட்டினாள். ஆனாலும் நெற்றியை இறுக்குகிறது. பத்தே நிமிடத்தில் தலைவலி வந்துவிடுகிறது. அளவு சரியாக இருந்தும் ஏன் இப்படி?
*பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகி*

உங்கள் மகள் அளந்ததில் தவறில்லை. அந்த அளவை ஃபோமில் எந்த இடத்துக்கு உரியதாக எடுத்துக்கொண்டாள் என்பதில்தான் தவறு. அவளுடைய தலைச் சுற்றளவு 57 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 57 செ.மீ. நீளத்துக்கு ஒரு ஃபோம் பட்டையை வெட்டி, இரு முனைகளையும் முட்ட வைத்து ஒட்டி வளையமாக்கும்போது, அந்த 57 வளையத்தின் உள்விளிம்பில் கிடைப்பதில்லை. வளைக்கும்போது ஃபோமின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் சுருங்குகிறது. தடிமனின் நடுவில் மட்டும்தான் பழைய நீளம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. எனவே உள்சுற்றளவு, தடிமனை 3.14-ஆல் பெருக்கினால் என்ன வருமோ அந்த அளவுக்குக் குறைந்துவிடும். ஓரங்குல ஃபோம், அதாவது 2.5 செ.மீ. என்றால், குறைவு ஏறக்குறைய 8 செ.மீ. ஆகிறது. 57 செ.மீ. தலையை 49 செ.மீ. வளையத்துக்குள் நுழைத்திருக்கிறாள். ஃபோம் அமுங்கிக் கொடுப்பதால் தலை உள்ளே போய்விடுகிறது. முதல் நிமிடத்தில் கச்சிதமாக இருப்பது போலவும் தோன்றும். ஆனால் அமுங்கிய ஃபோம் விடாமல் மீண்டும் விரியப் பார்க்கிறது. அந்த அழுத்தம்தான் பத்தாவது நிமிடத்தில் தலைவலியாகத் தெரிகிறது.

நானும் பட்டுத் தெரிந்துகொண்ட கணக்குதான் இது. ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்காக நான் முதன்முதலில் செய்த கரடித் தலையை அணிந்த சிறுவன், திரை விலகுவதற்கு முன்பே அதைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, கரடி வேடமே வேண்டாம், மரமாக நிற்கிறேன் என்று சொல்லிவிட்டான். அன்று நானும் சுற்றளவை இரண்டு முறை அளந்திருந்தேன்.

புதிதாகச் செய்வதாக இருந்தால், ஓரங்குல ஃபோமில் பட்டையை 63 அல்லது 64 செ.மீ. நீளத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். கணக்குப்படி 65 வரவேண்டும். தலை வழுக்காமல் லேசாகப் பிடித்திருப்பதற்காக ஒன்றிரண்டு செ.மீ. குறைக்கிறோம். அரையங்குல ஃபோம் என்றால் தலையின் அளவோடு 3 செ.மீ. கூட்டினால் போதும். ஏற்கெனவே செய்த தலையில் ரோமத் துணியை இன்னும் ஒட்டவில்லை என்றால், பின்மண்டையில் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு கீறி, 6 செ.மீ. அகலத்துக்கு ஒரு ஃபோம் துண்டைச் செருகி ஒட்டிவிடலாம். துணி ஏறிவிட்டது என்றால் உள்ளிருந்து சீவுவதுதான் வழி. சிறிய வளைகத்தரிக்கோலால் சுற்றிலும் ஒரு செ.மீ. மட்டும் சீவினாலே உள்சுற்றளவு 6 செ.மீ.க்கு மேல் கூடிவிடும் என்பதால், கொஞ்சம் சீவுவது, போட்டுப் பார்ப்பது, மீண்டும் சீவுவது என்று பொறுமையாகச் செய்யவேண்டும். ஒரே மூச்சில் சீவிவிட்டுப் பிறகு தொளதொளக்கிறது என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதக்கூடாது.

சுற்றளவு ஓர் அளவுதான். தலை அதனினும் சிக்கலான வடிவம். ஒரே சுற்றளவுள்ள இருவரில் ஒருவருக்குப் பின்மண்டை புடைத்திருக்கும், இன்னொருவருக்கு நெற்றி அகன்றிருக்கும். இதனால்தான் அமெரிக்காவில் இத்தொழிலில் தேர்ந்தவர்கள், வெளியூரில் இருப்பவருக்குத் தலை செய்யும்போது, அவருடைய தலையின் அச்சையே அனுப்பிவைக்கச் சொல்கிறார்கள். அதை வீட்டிலேயே செய்யலாம். பழைய குரங்குக் குல்லா ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் கிளிங் ஃபிலிம் சுற்றி, அதற்கு மேல் டக்ட் டேப்பைச் சிறு சிறு துண்டுகளாக இரண்டு மூன்று அடுக்கு ஒட்டவேண்டும். பிறகு, காயக்கட்டு வெட்டும் மழுங்கிய முனைக் கத்தரிக்கோலால் பின்புறம் வெட்டித் திறந்து கழற்றி, வெட்டிய இடத்தை மீண்டும் ஒட்டி, உள்ளே செய்தித்தாளைத் திணித்தால் உங்கள் மகளின் தலையே மேசையின் மேல் இருக்கும். மூக்கையும் வாயையும் எந்த நேரத்திலும் மூடக்கூடாது. பக்கத்தில் ஒருவர் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. இன்னொன்று, மாநாட்டில் கூந்தலை எப்படி முடிவாளோ அப்படியே முடிந்துகொண்டு அச்செடுக்கவேண்டும். உச்சிக் கொண்டையோடு அச்செடுத்துவிட்டுப் பின்னலோடு போனால் தலை ஆடும்; பின்னலோடு அச்செடுத்துவிட்டுக் கொண்டையோடு போனால் தலை ஏறவே ஏறாது.

எங்கே தொடவேண்டும், எங்கே தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரம் உச்சியில் உட்காரவேண்டும். பிடிப்பு, பின்மண்டை கழுத்தோடு சேரும் மேட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கவேண்டும். கன்னங்களின் பக்கவாட்டில் லேசாகத் தொட்டால் போதும். நெற்றியின் நடுவும் காதுகளும் மூக்குத்தண்டும் எதிலும் படாமல் இருக்கவேண்டும். தலையைப் போட்டுக்கொண்டு ‘இல்லை’ என்று வேகமாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நரி ஒரு நொடி பிந்தித் திரும்பினால் கன்னத்தில் அணை, அதாவது இடைவெளியை நிரப்பும் ஃபோம் துண்டு, போதவில்லை. ‘ஆமாம்’ என்று ஆட்டும்போது மூஞ்சி முன்னால் சாய்ந்தால் பின்மண்டையில் பிடிப்பு போதவில்லை. அணைத் துண்டுகளை ஒட்டிவிடாமல் வெல்க்ரோவில் பொருத்தினால், ஃபோம் நாளடைவில் தளரும்போது மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கும்.

ரோமத் துணியை ஃபோம் மேல் இழுத்துப் பிடித்து ஒட்டக்கூடாது. அழகாக வழவழவென்று தெரியும் என்று இழுப்பார்கள். ஆனால் துணியின் அடிப்பகுதி நீளாது, அதனால் ஃபோமை நெருக்கி, நீங்கள் கஷ்டப்பட்டுக் கூட்டிய உள்ளளவைக் குறைத்துவிடும். துணி தானாகப் படிந்து உட்காரும் அளவுக்கு வெட்டிக்கொள்ளவேண்டும். வெட்டுவதும் துணியின் பின்பக்கத்திலிருந்து, பிளேடால், அடித்துணியை மட்டும் கீறித்தான். கத்தரிக்கோல் போட்டால் ரோமமும் சேர்ந்து மொட்டையாகித் தையல் தெரியும்.

ஐயா/அம்மா, வெயிலில் மெத்தையைச் சுற்றிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துத் திரிவதில் என்ன சுகம் இருக்கிறது? இதற்கெல்லாம் பக்கம் ஒதுக்க வேண்டுமா?
*மதுரை வாசகர்*

உங்கள் ஊர்த் திருவிழாவில் உடம்பெல்லாம் வண்ணம் பூசிக்கொண்டு, சித்திரை வெயிலில் புலி வேடம் கட்டி ஆடுகிறவரிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர் என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்.

கேள்வியை அப்படியே தள்ளிவிடவும் மனமில்லை. விலங்கு உருவப் பாத்திரங்களை விரும்புகிறவர்கள் கூடும் மாநாடுகளில் முதலாவது, 1989-இல் கலிஃபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் நடந்தது. பிட்ஸ்பர்க் வாசகி குறிப்பிட்ட ஆந்த்ரோகான் 1997-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் தொடங்கி, 2006 முதல் பிட்ஸ்பர்க்கில் நடக்கிறது. விளையாட்டுக் குழுக்களும் வணிக நிறுவனங்களும் வைத்திருக்கும் பொம்மை வேடங்களுக்கும் இவற்றுக்கும் செய்முறையில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அந்த வேடம் நிறுவனத்துடையது. இன்று ஒருவர் அணிவார், நாளை இன்னொருவர் அணிவார். ஆகவே அது யாருக்கும் பொருந்தாமல், எல்லோருக்கும் பெரிதாக இருக்கும். ஃபர்சூட் தலை ஒரே ஒருவருக்காக, அவர் கற்பனை செய்த பாத்திரத்துக்காகச் செய்யப்படுவது. ஒரே தலைக்குத் தைக்கும்போது கச்சிதமாகத் தைக்காமல் விடுவது தையற்காரருக்கு அழகல்ல; இந்தப் பக்கங்கள் அதற்காகத்தான்.

நான் மூக்குக் கண்ணாடி அணிபவன். நான் செய்த ஓநாய்த் தலையின் கண்கள் பெரியவை. ஆனால் உள்ளிருந்து பார்த்தால் குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது. கண்ணாடியும் ஆவி படிந்து மங்கிவிடுகிறது. கண்ணை இன்னும் பெரிதாக்க வேண்டுமா?
*டொரொன்டோ வாசகர்*

பெரிதாக்க வேண்டாம், அருகில் கொண்டுவாருங்கள். பார்வையின் அகலத்தைத் தீர்மானிப்பது துளையின் அளவைக் காட்டிலும், துளைக்கும் உங்கள் கண்மணிக்கும் உள்ள தூரம்தான். 4 செ.மீ. அகலமுள்ள துளை கண்ணிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருந்தால், ஒரு கண்ணுக்குக் கிடைக்கும் காட்சி ஏறக்குறைய 44 பாகை. அதே துளை 2.5 செ.மீ. தூரத்துக்கு வந்துவிட்டால் 77 பாகை. நாம் வாசற்கதவின் துளையில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்ப்பது இதனால்தான். ஓநாயின் கண்கள் உங்கள் கண்களுக்கு நேர் எதிரே இருக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள். வயது வந்தோருக்கு இரு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரம் பெரும்பாலும் 6 முதல் 7 செ.மீ.க்குள் இருக்கும். ஓநாயின் முகத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று கண்களை விலக்கி வைத்தால், நீங்கள் அவற்றின் உள்மூலை வழியாக மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பாத்திரத்தின் கண்கள் விலகித்தான் இருக்கவேண்டும் என்றால், கண்ணீர் வடியும் அந்த உள்மூலையைக் கறுப்பு வலையாக நீட்டிவிடுவது கைதேர்ந்தவர்கள் செய்யும் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கண்ணின் மை போலத்தான் தெரியும்.

கண் துளையை மூடும் வலையைப் பற்றியும் சொல்லவேண்டும். இதற்குப் பயன்படும் ‘பக்ரம்’, நம் தையல்காரர்கள் சட்டைக் காலருக்கு வைக்கும் அடர்த்தியான பக்ரம் அல்ல. இழைகளுக்கு இடையே ஊசி தாராளமாக நுழையும் அளவுக்கு இடைவெளியுள்ள விறைப்பான வலைத்துணி. அதில் கருவிழிக்கு வண்ணம் தீட்டும்போது துளைகள் அடைபடாமல், தூரிகையைக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் வைத்துத் தீட்டவேண்டும். உள்பக்கம் கட்டாயம் கறுப்பாக இருக்கவேண்டும். வெளியே வெளிச்சமும் உள்ளே இருளுமாக இருப்பதால்தான் உங்களுக்கு வெளியே தெரிகிறது, வெளியிலிருப்பவருக்கு உங்கள் கண் தெரிவதில்லை. சன்னல் கொசுவலையில் பகலில் நடப்பதும் இதுதான். வலையின் உள்பக்கம் வெளுத்திருந்தால் அது வெளிச்சத்தை வாங்கி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், பனிமூட்டம் போல இருக்கும். கண்ணைச் சுற்றியுள்ள ரோமத்தை நாய்முடி கத்தரிக்கும் டிரிம்மரால் ஒட்ட வெட்டிவிடுங்கள். ஒரு முடி வலையின் மேல் விழுந்தாலே, உள்ளிருப்பவருக்கு எதிரே மரக்கிளை இருப்பது போலத் தெரியும்.

கண்ணாடியின் காம்புகள் நெற்றிப்பொட்டில் அழுந்தாமல் இருக்க, ஃபோமின் உள்பக்கத்தில் இரு புறமும் விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். ஆவி படிவதற்குக் காரணம், மூச்சு மேல்நோக்கி வந்து குளிர்ந்த கண்ணாடியில் படுவது. கன்னத்துக்கும் மூக்குக்கும் இடையே ஓர் ஃபோம் தடுப்பை வைத்து, மூச்சைக் கீழே ஓநாயின் வாய்க்குத் திருப்பினால் பெருமளவு நிற்கும். கான்டாக்ட் லென்ஸ் பழக்கம் இருந்தால் அன்றைக்கு அதையே அணிந்துகொள்ளுங்கள்.

பின்னலாடை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தலையின் உள்ளே ஃபோம் அப்படியே தெரிகிறது. என்ன துணியால் மறைக்கலாம்? பருத்தி நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
*திருப்பூர் வாசகர்*

பருத்தி சட்டைக்கு நல்லது, இங்கே வேண்டாம். அது வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், ஈரத்துணியாக நெற்றியில் ஒட்டும். உங்கள் நிறுவனத்திலேயே ஓட்டப்பந்தயக்காரர்களுக்கான பாலியெஸ்டர் ஜெர்சித் துணி வெட்டுப்போக மீந்து கிடக்கும், அதுதான் சரி. அது ஈரத்தை இழுத்துப் பரப்பி விரைவில் ஆவியாக விட்டுவிடும். ஃபோமை மூடாமல் விடுவதும் சரியல்ல. அதில் தலைமுடி சிக்கும், வியர்வை உள்ளே இறங்கினால் பிறகு எந்தச் சோப்பாலும் நாற்றம் போகாது. உள்துணியை ஒட்டாமல், கழற்றித் துவைக்கும்படி வெல்க்ரோவிலோ அழுத்துப் பொத்தானிலோ மாட்டுங்கள். அதற்கும் உள்ளே மெல்லிய குல்லா ஒன்றை அணிவது வழக்கம். இரு சக்கர வாகனக்காரர்கள் ஹெல்மெட்டுக்குள் போடுவதே போதும். அவற்றில் இரண்டை வைத்துக்கொண்டால், ஒன்று நனைந்ததும் மற்றதை மாற்றிக்கொள்ளலாம்.

இணையத்தில் கிடைத்த வடிவக் கோப்பை வைத்து முப்பரிமாண அச்சில் தலைக்கூட்டை அச்சிட்டேன். சிறியதாக வந்ததால் 15 சதவீதம் பெரிதாக்கி மீண்டும் அச்சிட்டேன். இப்போது தலைக்குள் போகிறது, ஆனால் எதுவுமே சரியான இடத்தில் இல்லை. ஃபோமே மேலா?
*சென்னை பொறியியல் மாணவர்*

எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் தலைக்குழி மட்டுமா வளரும்? கண்களின் இடைவெளியும் 15 சதவீதம் விலகியிருக்கும், மூஞ்சியும் அவ்வளவு நீண்டிருக்கும், எடை அதைவிட அதிகமாக ஏறியிருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 15 சதவீதம் கூடினால் கொள்ளளவு 52 சதவீதம் கூடும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. முன்முகத்தை மூல அளவிலேயே வைத்துக்கொண்டு, பின்மண்டையையும் பக்கங்களையும் மட்டும் விரிக்கும்படி கோப்பைத் திருத்துங்கள். உங்கள் தலைக்கும் கூட்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. இடைவெளி இருக்கட்டும், அதில் ஃபோம் அணைகள் உட்காரும், அணைகளுக்கு இடையே காற்று ஓடும்.

மேல் எது, கீழ் எது என்று கேட்டால், கூடு துல்லியம், ஃபோம் மென்மை. கூடு உட்புறம் காலியாக இருப்பதால் காற்றோட்டம் நன்றாக இருக்கும்; இடித்தால் வலிக்கும். முதல் தலைக்கு நான் ஃபோமையே சொல்வேன், ஏனென்றால் தவறை வெட்டி எறியலாம். கூட்டைத்தான் வைத்துக்கொள்வீர்கள் என்றால், பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சிட்டதைக் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அது 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வருவது சென்னையில் அரிதல்ல. பி.இ.டி.ஜி. என்னும் இன்னொரு பிளாஸ்டிக் 80 டிகிரி வரை தாங்கும். குளூ கன் பசையும் இதே சூட்டில் விட்டுக்கொடுக்கும், ஆகவே காதுகளைப் பசையோடு விடாமல் நாலு தையலும் போட்டுவிடுங்கள்.

மூஞ்சியின் நுனியில் எடை சேர்க்காதீர்கள். கெட்டியான ரெசின் மூக்கு 100 கிராம்தான் இருக்கும். ஆனால் அது கழுத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் தொங்குவதால், கழுத்தின் பின்தசை நாள் முழுவதும் அதை இழுத்துப் பிடிக்கவேண்டியிருக்கும். சந்தையில் தராசுக்கோலைப் பிடித்தவர்களுக்கு இது புரியும். மூக்கை ஃபோமில் செதுக்கித் துணி போர்த்துங்கள். மின்விசிறி வைப்பதாக இருந்தால் அதன் பேட்டரியைப் பின்மண்டைப் பக்கம் கொண்டுபோங்கள்.

தலையைப் போட்ட ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டுவது போல் இருக்கிறது. மின்விசிறி வைத்தும் பயனில்லை. எங்கள் ஊரின் ஈரக்காற்றில் ஃபர்சூட்டே சாத்தியமில்லையா?
*சிங்கப்பூர் வாசகி*

சாத்தியம்தான், ஆனால் முதலில் விசிறியை மறந்துவிட்டு வாயைத் திறந்துவிடுங்கள். உங்கள் பாத்திரத்தின் வாயைச் சொல்கிறேன். நாம் அமைதியாக இருக்கும்போது ஒரு மூச்சில் உள்ளிழுக்கும் காற்று ஏறக்குறைய அரை லிட்டர். வெளிவிடும் காற்றில் கரியமில வாயு 4 சதவீதம் அளவில் இருக்கும். வெளிக்காற்றில் இருப்பதைப் போல நூறு மடங்கு அது. மூடிய மூஞ்சியின் உட்குழி அரை லிட்டர் பிடிக்குமானால், நீங்கள் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூச்சு முட்டுவது வெறும் பயம் அல்ல, உடல் சரியாகவே எச்சரிக்கிறது. ஆகவே உட்குழியைச் சிறியதாக்குங்கள். உங்கள் வாயும் மூக்கும் பாத்திரத்தின் வாய்த் திறப்புக்கு எவ்வளவு அருகில் வருமோ அவ்வளவு அருகில் வரட்டும். வாயை இரு விரல் உயரமாவது திறந்தே வைத்து, உள்ளே கறுப்பு வலை போடுங்கள். மூக்குத்துளைகளைத் தீட்டிவிடாமல் உண்மையிலேயே துளையிடுங்கள். காதுகளின் உட்புறத்தை வலையாக வைத்தால் சூடான காற்று மேலே வெளியேறிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு விசிறி வைத்தால் பயன் தெரியும். கணினிக்குள் வைக்கும் 40 மி.மீ., 5 வோல்ட் விசிறி போதும். சிலர் அதை வெப்பத்தை வெளியேற்றும்படி வைப்பார்கள். வாய்ப்பக்கத்திலிருந்து புதுக்காற்றை முகத்தை நோக்கித் தள்ளும்படி வைப்பதையே நான் விரும்புகிறேன், ஏனென்றால் கண்வலையில் ஆவியும் படியாது. தலைமுடி சிக்காமல் இருக்க விசிறிக்குக் கட்டாயம் வலைமூடி வேண்டும். ‘வைத்தும் பயனில்லை’ என்கிறீர்களே, விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இவ்வளவு சிறிய விசிறி மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுப்பதால், சில பவர் பேங்குகள் ‘எதுவும் மாட்டப்படவில்லை’ என்று எண்ணித் தாமாகவே அணைந்துவிடும். இரண்டு விசிறிகளைச் சேர்த்து மாட்டினாலோ, குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனி நிலை உள்ள பவர் பேங்கை வாங்கினாலோ சரியாகும்.

ஈரக்காற்றைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். உங்கள் ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் அது மெதுவாகவே நடக்கும். எனவே குளிரூட்டிய அரங்குக்குள் மட்டும் அணியுங்கள், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றுங்கள், உறிஞ்சுகுழலில் தண்ணீர் குடியுங்கள், கூடவே கைபிடித்து நடத்திச் செல்ல ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மாநாடுகளில் தலையைக் கழற்றி ஓய்வெடுப்பதற்கென்றே விசிறியும் தண்ணீரும் வைத்துத் தனி அறை ஒதுக்குகிறார்கள். தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றால் அந்த அறை வரையில்கூடக் காத்திருக்காமல், நிற்கும் இடத்திலேயே கழற்றிவிடவேண்டும். பாத்திரத்தின் மாயை கலைந்துவிடும் என்று தயங்குகிறவர்கள் உண்டு, கலைந்தால் கலையட்டும்.

வீடு திரும்பியதும் தலையை மூட்டை கட்டி வைக்காதீர்கள். உள்துணியைக் கழற்றித் துவைத்து, உள்பக்கத்தில் தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தெளித்து, கழுத்துத் திறப்பு விசிறியைப் பார்க்கும்படி ஓர் இரவு முழுவதும் உலர்த்துங்கள். கண்வலையின் வண்ணத்தில் மட்டும் அது படக்கூடாது. ஹேர் டிரையரின் சூடான காற்று ஆகவே ஆகாது. அக்ரிலிக் ரோமம் சுருண்டு கம்பளிப்புழு போலாகிவிடும், பிறகு அதை மீட்க வழியில்லை.

என் எட்டு வயது மகனுக்குப் புலித் தலை ஒன்று செய்ய விரும்புகிறேன். எவ்வளவு தடிமன் ஃபோம் வாங்கலாம்?
*கொழும்பு வாசகி*

வாங்க வேண்டாம். அந்த வயதுப் பிள்ளைக்கு மூச்சு முட்டினால் சொல்லத் தெரியாது, விளையாட்டில் சொல்லவும் மறந்துவிடும். காதுகள் வைத்த தலைப்பட்டையும் ஒரு வாலும் செய்து, மூக்கில் கறுப்பு மை வைத்துவிடுங்கள். முகம் திறந்திருக்கும் புலியும் புலிதான்.

நான் பேசும்போது தலையின் வாயும் அசையவேண்டும் என்று கீழ்த்தாடையை எலாஸ்டிக்கில் மாட்டினேன். நான் வாயை முழுவதும் திறந்தால்தான் அது கொஞ்சம் அசைகிறது. திறந்த வாய் மூடுவதும் இல்லை.
*கோவை வாசகர்*

இரண்டுக்கும் காரணம் கீல் இருக்கும் இடம். உங்கள் தாடை காதுத் துளைக்குச் சற்று முன்னால் உள்ள மூட்டில் திரும்புகிறது. அங்கே விரலை வைத்து வாயைத் திறந்து பார்த்தால் கையில் தெரியும். பாத்திரத்தின் தாடையும் அதே இடத்துக்கு நேராகத் திரும்பவேண்டும். நீங்கள் கன்னத்தின் நடுவில் கீல் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி வைத்தால் உங்கள் தாடை ஒரு வளைவில் இறங்கும், அது வேறொரு வளைவில் இறங்கும், இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொள்ளும்.

கீலைக் காதோரத்துக்குக் கொண்டுபோன பிறகு, உங்கள் மோவாய் உட்காரும் கிண்ணம் ஒன்றை மெல்லிய ஃபோமில் செய்து கீழ்த்தாடையின் உள்ளே ஒட்டுங்கள். மோவாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அசைவின் முதல் பாதி அதிலேயே வீணாகும். மூடுவதற்கான எலாஸ்டிக்கை, அரையங்குல அகலத்தில், கீலுக்கு இரண்டு விரல் முன்னால் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையே கட்டுங்கள். தாடை தானாக மூடும் அளவுக்கு மட்டும் இழுவிசை போதும். அதற்கு மேல் இறுக்கினால், மாலையில் பாத்திரத்தின் வாய் அசையும், உங்கள் வாயால் சோறு மெல்ல முடியாது. கீழ்த்தாடைக்கும் கழுத்துக்கும் இடைப்பட்ட ரோமத் துணியில் ஒரு மடிப்பைத் தளர்வாக விட மறந்துவிடாதீர்கள். அங்கே துணி இறுகியிருந்தால், கீல் எவ்வளவு சரியாக இருந்தாலும் வாய் திறக்காது.